கையில் சேராத உத்தரவு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பனியன் நகரத்து ராயபுரத்தில் ஒரு மூத்த வக்கீலிடம் ஜூனியராக இருந்தேன். ஒரு நாள் ஒரு பனியன் கம்பெனியின் டெம்போ டிரைவர் தன் சம்மனை நீட்டினார். ஓட்டுநர் உரிமம் மூன்று மாதம் நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் வண்டி ஓட்டினார் என்பது வழக்கு. அவருக்கு நாற்பது வயதிருக்கும். பேசும்போது கண்ணைத் தாழ்த்தியே பேசினார்.

முந்தைய வருடம் அவர் வண்டி ஒரு சைக்கிள்காரரை இடித்திருக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் விசாரணைக்குப் போயிருக்கிறார். உத்தரவு தபாலில் வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாடகை வீடு அடிக்கடி மாறுவதால் அவர் கொடுத்திருந்தது கம்பெனி முகவரி.

"எனக்கு ஒரு கடுதாசியும் வருலீங்க. வேலம்பாளையத்துல துணி ஏத்திட்டு சாயப்பட்டறைக்குப் போயிட்டு இருந்தேன். பிரேக் இன்ஸ்பெக்டர் நிறுத்திச் சொன்னப்பறந்தான் எனக்கே தெரியுமுங்க" என்றார்.

சீனியர் சம்மனைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "குத்தத்தை ஒத்துக்கச் சொல்லும்மா. அபராதத்தைக் கம்பெனி கட்டிரும்."

அந்தக் கம்பெனியின் வழக்குகளையெல்லாம் பார்ப்பவர் சீனியர்தான். அது தெரிந்தும் நான் வெளியே வந்து அதையே டிரைவரிடம் சொன்னேன். இன்றும் என் மேல் எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

"செய்யாததை எப்படீங்க ஒத்துக்கறது? ஒத்துக்கிட்டா ஜெயிலுக்கும் போகோணும், லைசென்சும் போயிருமுங்களே" என்றார் அவர்.

மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மனுவோடு போனேன். நாலு முறை அலைந்த பிறகு அவருடைய கோப்பின் நகல் கிடைத்தது. உத்தரவு பதிவுத் தபாலில் போயிருந்தது. திரும்பி வந்த ஒப்புகை அட்டையில் ஆங்கிலக் கையெழுத்து, பக்கத்தில் கம்பெனி ரப்பர் ஸ்டாம்ப். டிரைவருக்குத் தமிழில் மட்டுமே கையெழுத்துப் போடத் தெரியும்.

அட்டையின் நகலைச் சீனியர் மேசையில் வைத்தேன். "இதை வெளிய எடுக்காதே" என்றார். என் கறுப்புக் கோட்டை எடுத்துக்கொண்டு அன்றே அங்கிருந்து கிளம்பினேன்.

கையெழுத்து கம்பெனி மேனேஜருடையது. டிரைவரின் வழக்கை நானே நடத்தினேன். கோர்ட்டில் அவரைக் கூண்டில் ஏற்றி, அட்டையைக் காட்டினேன்.

"என்ற கையெழுத்துதானுங்க. கடுதாசியை டிரைவர்கிட்டக் குடுத்துட்டேனுங்க."

"என்னைக்குக் குடுத்தீங்க?"

"ஞாபகமில்லீங்க."

"ஓட்டக்கூடாதுன்னு உத்தரவு வந்தது உங்களுக்குத் தெரியும். அதுக்கப்புறமும் தினமும் வண்டிச் சாவியை அவர்கிட்ட யார் குடுத்தது?"

அவர் சாதாரணமாகச் சொன்னார்: "ஷிப்மெண்ட் நேரமுங்க. வேற டிரைவர் இல்லீங்க. முடிஞ்சப்பறம் குடுத்துக்கலாம்னு மேசைக்குள்ள வெச்சிருந்தேனுங்க."

டிரைவர் அப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். எட்டு வருடம் அந்த மனிதருக்கு வணக்கம் வைத்தவர்.

உத்தரவு அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று மாஜிஸ்திரேட் விடுதலை செய்தார். தெரிந்தே சாவி கொடுத்தவரைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரிகூட இல்லை. மேனேஜர் வாசலில் நின்ற காரில் ஏறிப் போனார்.

மறுவாரம் டிரைவரையும், அதே கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்த அவர் மனைவியையும் வேலையை விட்டு நிறுத்தினார்கள். உத்தரவை மறைத்ததற்காகக் கம்பெனி மேல் நடவடிக்கை கேட்டு போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்தேன். வாங்கியவர், "பெரிய இடமுங்க, மேடம். உங்களுக்கு எதுக்கு இது" என்றார். மனு பெற்றதற்கு ரசீதுகூடத் தரவில்லை.

டிரைவரே வந்து சொன்னார்: "விட்டுருங்க வக்கீலம்மா. பெருமாநல்லூர்ல ஒரு லாரி கெடச்சிருக்குதுங்க. இனி அவங்க மூஞ்சியில முழிக்க வேண்டியதில்லீங்க."

அவர் விட்டுவிட்டார். நான் விடவில்லை. போலீஸ் மேலதிகாரிகளுக்கு மூன்று முறை எழுதினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.