வானத்துக்கு ஒரு குவாலிட்டி இன்ஸ்பெக்டர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பெயிண்ட் அடித்த இரும்புக் கதவுகளில் புள்ளி தேடுவது என் உத்தியோகம். கறுப்புப் பெயிண்டில் கடுகளவு வெள்ளை தெரிந்தாலும் அது டஸ்ட். சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். பதினெட்டு வருடமாக இதே பிழைப்பு. வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக்கூட வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். "தட்டுக்கும் பாஸ் சீல் குத்தணுமா?" என்பாள் மனைவி.

இப்படிப்பட்டவன் விண்கப்பல் செய்யக் கிளம்பினேன். கப்பல் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். உடம்பு, ஒரு ஷாம்பு பாட்டில். பீரங்கி, மை தீர்ந்துபோன பேனா ரீஃபில். எஞ்சின், பழைய மிக்சி ஜாரின் அடியில் சுற்றுமே, அந்தப் பல்சக்கரம். சாம்பல் நிற ஸ்ப்ரே அடித்து, கம்பியில் மாட்டி, கறுப்புத் துணிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுப்பேன். பிறகு கம்ப்யூட்டரில் கப்பலை மட்டும் வெட்டி, வானத்துப் படம் ஒன்றின்மேல் ஒட்டுவேன். அண்டவெளிப் போர் என்று பெருமையாக நீட்டிய முதல் படத்தைப் பார்த்து, கூட வேலை செய்பவர் "இன்னாபா, மிக்சி பறக்குது?" என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பற்களைப் புட்டிப் பசை பூசி மூடினேன்.

வானத்துப் படங்கள் தருபவர் மாமா, அக்காவின் கணவர். பள்ளிப்பட்டுப் பக்கம் நெல் போடுகிறார். மோட்டார் கொட்டகை மேல் கேமராவை நிறுத்தி வானத்தைப் படம் பிடிப்பது அவருடைய பைத்தியம். ஊரே தன் புருஷனைக் கிறுக்கன் என்று சிரிக்கிறதே என்று அக்காவுக்கு ஆத்திரம். "மேல இன்னாத்த தொலைச்சே, இப்பிடி தேடிக்கினு கீறே?" என்று நாலு பேர் எதிரிலேயே கேட்பாள். மாமா சிரித்து வைப்பார்.

போன மாதம் மெமரி கார்டைக் கொடுத்தனுப்பிவிட்டுப் போன் செய்தார். "மச்சான், ஆர்.கே.பேட்டையில கல்யாண போட்டோ எடுக்கறவரு பெரிய லென்ஸு ஒரு வாரத்துக்குக் குட்த்தாரு. திருப்பிக் குட்த்துட்டேன், இனிமே கெடைக்காது. ஒண்ணே ஒண்ணுதான் நல்லா வந்துகீது. வேற காப்பி இல்ல. பெருசா பிரிண்ட் போட்டு எட்த்துக்கினு வா. அதுல உங்கக்காவுக்கு ஒண்ணு காட்டணும். அத்த பாத்தான்னா அப்பால என்னை கிறுக்கன்னு சொல்லமாட்டா."

குரலில் அப்படியொரு சந்தோஷம். என்ன காட்டப்போகிறார் என்று கேட்டிருக்க வேண்டுமா இல்லையா? நானோ, "மாமா, நடுவுல நம்ம கப்பல ஒண்ணு வுட்டா சூப்பரா இருக்கும்" என்று குறுக்கே பாய்ந்தேன்.

"சரி மச்சான், ஓரமா வுடு" என்றார் அந்த நல்ல மனிதர்.

படத்தைத் திறந்தேன். எங்கே பார்த்தாலும் புள்ளி! பளிச்சென்று இருந்தவை நட்சத்திரம், ஒப்புக்கொள்கிறேன். இடையில் மங்கலாகச் சிதறிக் கிடந்தவை? கல்யாண வீட்டு லென்ஸ்தானே, அட்சதையும் சந்தனமும் பட்டிருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் துடைத்தேன். மாமாவுக்கும் உபயோகமாக இருக்கட்டுமே என்று கார்டிலிருந்த படத்தின்மேலேயே சேமித்தேன். இவ்வளவு சுத்தமான வானத்தை ஆண்டவனே பார்த்திருக்கமாட்டான். கப்பலை ஓரமாக விடவில்லை, நட்டநடுவில் விட்டேன்.

அடுத்த ஞாயிறு பிரேம் போட்டுச் சுமந்துகொண்டு போய், அக்கா வீட்டுக் கூடத்தில் சுவரோடு சாய்த்து வைத்தேன். மாமா சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, "கையைக் கழுவிக்கினு வா, ஒண்ணு காட்றேன்!" என்று குரல் கொடுத்துவிட்டுப் படத்தின்முன் குந்தினார். என் கப்பலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விரல் மேல் மூலையில் எதையோ தேடியது.

"மச்சான், இந்த ரெண்டு பெரிய நட்சத்திரத்துக்கு நடுவுல சின்னதா, நீலமா ஒரு புள்ளி இருந்துச்சே?"

"அதுவா மாமா? டஸ்ட்டு. கார்டுலயே க்ளீன் பண்ணிட்டேன்" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

அவர் விரலை எடுக்கவில்லை. "அது நெப்டியூன் மச்சான்" என்றார், ரகசியம் சொல்வதுபோல. "நாலு நாள் வெச்சுப் பாத்தேன். அது மட்டும் நவுந்துச்சு."

நானும் குனிந்து அந்த மூலையைப் பார்த்தேன். அதற்குள் அக்கா முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்துவிட்டாள். "இன்னாத்தயோ காட்றேன்னியே, எங்கய்யா அது?"

மாமா என்னை ஒரு தரம் பார்த்தார். மூலையில் இருந்த விரல் மெதுவாக இறங்கி ஷாம்பு பாட்டில்மேல் நின்றது. "தோ, இதான். உன் தம்பி செஞ்ச கப்பலு."

"அடேயப்பா!" அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "எவ்ளோ மூளை பாரு என் தம்பிக்கு! நீயும்தான் கீறியே, வெறும் ஆகாசத்த பாத்துக்கினு."

மாமா எப்போதும்போல் சிரித்து வைத்தார். "அங்கே ஒரு கிரகம் இருந்தது அக்கா, மாமா பிடித்தது, நான்தான் அழித்துவிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இலை போட்டு என்னை முதலில் உட்காரவைத்தார்கள். அக்கா கறிக்குழம்பை அள்ளி ஊற்றினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா" என்றேன்.