ஆளில்லாத பங்களாவுக்குத் தீ மூட்டியவள்

வேலம்மாளுக்கு எஸ்டேட்டில் கொடுத்திருந்த வேலை, ஆளே இல்லாத பங்களாவில் தினமும் கணப்பு மூட்டுவது. துரை சீமைக்குப் போய் மூன்று வருஷம். மழைக்காலத்தில் மெத்தை பூஞ்சை பிடித்துவிடுமாம். ஏழு அறையிலும் விறகை எரித்து, பூட்டி, சாவியை ரைட்டரிடம் கொடுத்துவிட்டு வருவாள். அவள் இருந்தது கூலியாட்களுக்கான லைன் வீட்டில், என் அறைக்கு அடுத்த அறை. அவளும் மகள் பூவாயியும். கூரை மூன்று இடத்தில் ஒழுகும். என் அறையில் நாங்கள் ஒன்பது பேர்.

பூவாயியைக் கட்டியவன் காய்ச்சலில் போய்விட்டான். அந்த ஐப்பசியில் அவளுக்கு மாசம் நிறைந்திருந்தது. வேலம்மாள் ரைட்டர் செங்கோடனிடம் போய் நின்றாள். நானும் கூடப் போனேன்.

"ஏனுங்க, பங்களாவுல ஒரு ரூம்பு, பத்து நாளைக்கு விடுங்க. கழுவிக் குடுத்துர்றனுங்க."

"ஊடு பத்தலைன்னா அடிவாரத்துக்கு எறங்கிப் போ. நீங்க பெருகிட்டே போனா துரை என்ன பண்ணுவாரு?"

"ஊடு பத்தாம இல்லீங்க, பூட்டிக் கெடக்குது. மெத்தைக்குக் குளிருமுன்னு தீ மூட்டறேன். எம்பட மவளுக்குக் குளிராதுங்களா?"

"மெத்தை துரை வாங்குனது. உம்பட மவள எவன் வாங்குனான்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவர் என் வீட்டுக்காரர். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன்.

நான்காம் நாள் காலையில் பூவாயிக்கு வலி எடுத்தது. அறைக்குள் கணுக்கால் தண்ணீர். அன்றைக்குக் கணப்பு மூட்ட வாங்கிய பங்களாச் சாவி கையில் இருந்தது; வேலம்மாள் யாரையும் கேட்கவில்லை. மகளைக் கூட்டிப்போய்க் கணப்பின் முன்னால் வெறுந்தரையில் படுக்கவைத்தாள். மெத்தையைத் தொடவில்லை. பெண் குழந்தை. நான்தான் கொடி அறுத்தேன். அந்தச் சூட்டில் கை கால் சிவந்து, தங்கமாக இருந்தது.

சாவி வரவில்லையே என்று மதியம் செங்கோடன் தேடி வந்தான். தாயையும் மகளையும் குழந்தையையும் அப்படியே மழையில் வெளியே தள்ளினான். லைனுக்குள்ளும் விடவில்லை. அடிவாரத்துக் குப்பனூருக்குப் போகும் பாதையில் பாதி இறங்கும்போதே குழந்தை விறைத்துவிட்டது. பாதையோரம் கையாலேயே குழி பறித்தார்களாம்.

வேலம்மாள் அறை காலியாகிவிட்டதே, எங்கள் பிள்ளைகள் நாலு பேராவது அங்கே படுக்கட்டும் என்று நான் செங்கோடனிடம் போய்க் கேட்டேன்.

"பூட்டியே கெடக்கட்டும்" என்றான். "அதப் பாக்கறப்பத்தான் உங்களுக்கு அவ நெனப்பு வரும்."

அந்த மழைக்காலம் முழுக்க அது பூட்டியே கிடந்தது. துரையும் வரவில்லை.