எட்டுச் செடி இடத்தில் எழுபத்திரண்டு

இன்னாசி மேஸ்திரிக்குக் காலி இடத்தைக் கண்டால் ஆகாது. ராயபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கப்பலின் அடியறையில் சரக்கு அடுக்கியவர். மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே கை நுழைந்தால் கடலில் சரக்கு சரியும் என்பது அவர் பாடம். தொழிலில் அது சரிதான். 2001-இல் ஓய்வு பெற்று மொட்டை மாடிக்கு ஏறியபோது அந்தப் பாடத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு போனதுதான் வில்லங்கம்.

பழைய பலகைகளை அறைந்து, ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஓரடி உயரத்தில் பெட்டிப் பாத்தி செய்தார். தார்ப்பாய் விரித்துச் செம்மண்ணும் எருவும் நிரப்பினார். நான் ஒரு விவசாயக் கையேடு கொண்டுபோய்க் கொடுத்தேன். கத்திரிச் செடிக்குச் செடி ஒன்றரை அடி விட வேண்டும் என்று அதில் இருந்தது. அப்படிப் பார்த்தால் பெட்டிக்கு எட்டுச் செடி.

“ஒன்ர அடியா? அதுல நாங்க ரெண்டு பேரு படுத்து எந்திரிச்சிகீறோம். எட்டு செடி வெச்சா மிச்ச மண்ணு இன்னா, சினிமா பாக்கவா?” என்று சிரித்தார்.

கட்டம் போட்ட தாளில் வரைந்தார். அரை அடிக்கு ஒன்று, மொத்தம் எழுபத்திரண்டு. நடுநடுவே முள்ளங்கி விதை வேறு. டேப்பின் மறுமுனையைப் பிடித்தவன் நான். பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

கீழே வீட்டையும் அவர் இப்படித்தான் அடுக்கியிருந்தார். இரண்டே அறை. அவர், மனைவி எல்சி, கல்யாணமாகாத இரண்டு பெண்கள், மகன் சாவியோ, மருமகள் ரூத். ரூத்துக்கு அப்போது மூன்று மாதம். சாவியோ மணலியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். திருவொற்றியூரில் வாடகை வீடு ஒன்று பார்த்துவிட்டு வந்து, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

மகன் தனியாகப் போவது இன்னாசிக்கு உயிர் போகிற விஷயம். அதை அப்படியே சொல்ல அவருக்கு வாய் வராது. இடக்கணக்காகச் சொன்னார்.

“தொட்டில மேல கட்டு, பீரோவ திருப்பி வெய். எடம் கீது.”

“மூச்சு வுட எடம் இல்ல நைனா.”

“மாடில என் பொட்டியப் போய்ப் பாரு. மூணு மாசத்துல அது காய்ச்சா நீ எங்கியும் போவக் கூடாது. காய்க்கலன்னா போய்க்கோ, நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

சாவியோ அப்பாவின் பேச்சைத் தட்டாதவன். சரி என்றான். கத்திரிச் செடியை நீதிபதியாக உட்கார வைத்த குடும்பம் ராயபுரத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

செடிகள் வளர்ந்தன, அதில் குறை சொல்ல முடியாது. வெயிலுக்கு ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஒல்லியாக மேலேயே போயின. அடி இலைகள் மஞ்சளடித்தன, மாவுப்பூச்சி அப்பியது. பூ மட்டும் வரவில்லை. ஒன்றரை மாதம் ஆனதும் இன்னாசியின் முகம் செத்துவிட்டது.

ஒரு நாள் விடிகாலையில் நான் துணி காயப்போட எங்கள் மாடிக்குப் போனேன். அவர் செடிகளைப் பிடுங்கிச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார்.

“நீ ஒண்ணியும் பாக்கல,” என்றார்.

அவர் கீழே போன பிறகு எட்டிப் பார்த்தேன். எட்டுச் செடி நின்றன, ஒன்றரை அடிக்கு ஒன்றாக.

அந்த எட்டும் கிளை விரித்துக் காய்த்தன பாருங்கள், கண் பட்டுவிடும் போல. மூன்றாம் மாதம் முடிவதற்குள் ஒரு கூடை நிறையப் பறித்து, என்னையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு போய் மகன் முன்னால் வைத்தார்.

“காய்ச்சிச்சா இல்லியா?”

சாவியோ தலையைக் குனிந்துகொண்டான். “சரி நைனா. போவல,” என்றான்.

ரூத் ஒரு காயைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவள் குரலில் கேலி எதுவும் இல்லை. “காய் நல்லா கீது மாமா. மிச்ச செடிலாம் எங்க போச்சி?”

இன்னாசி என்னைப் பார்த்தார். நான் கூடையைப் பார்த்தேன்.

“அதுங்களுக்கு எடம் பத்தல,” என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், சாவியோவின் சாமான்களைத் திருவொற்றியூருக்கு ஏற்றிப்போக மீன்பாடி வண்டி வாசலில் நின்றது. வண்டிக்காரர் ராசையா சாமான்களைப் பார்த்துவிட்டு இரண்டு நடை ஆகும் என்றார். மீதியை எடுக்கச் சாயங்காலம் வருவதாகவும், அப்படியே சாப்பிட்டுவிட்டுப் போவதாகவும் சாவியோ சொன்னான். எல்சி உடனே கூடையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கக் கிளம்பினாள்.

இன்னாசி உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வெளியே ராசையா அடுக்குகிற சத்தம், பாத்திரம் பீரோவில் மோதுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு எழுந்து வந்து, “ஏத்தறியா, கொட்றியா?” என்று திட்டி, எல்லாவற்றையும் கீழே இறக்கினார். பீரோவைப் படுக்க வைத்து அதற்குள் துணிமூட்டை, டிரம்முக்குள் பக்கெட், பக்கெட்டுக்குள் பாத்திரம், கட்டில் சட்டங்களுக்கு நடுவே மின்விசிறி, மாதா சுரூபம் தலையணை உறைக்குள். கயிற்றை இழுத்துக் கட்டியபோது வாசலில் ஒரு கரண்டிகூட மிச்சமில்லை.

“ஒரே நடைல முட்ச்சிட்ட நைனா,” என்றான் சாவியோ சந்தோஷமாக. “சாயங்காலம் அலைய வேணாம்.”

அவனும் ரூத்தும் பஸ் ஏறப் போனார்கள். வண்டி தெருமுனை திரும்பியது. எல்சி மீன் கூடையோடு வந்து, காலி வாசலைப் பார்த்து அப்படியே நின்றாள். “சாயங்காலம் சாப்ட வருவாங்கன்னு ரெண்டு கிலோ வாங்கினு வந்தேனேய்யா,” என்றாள்.

கயிறு உரசிச் சிவந்த கைகளைப் பார்த்தபடி இன்னாசி வாசற்படியில் உட்கார்ந்தார்.

“சொம்மா படுத்துகினு இருந்திருக்கலாம்,” என்றார்.