இறங்குகிற பரிசலுக்கு வழி

பிள்ளைகளே, கோபிநத்தத்துக்குப் பக்கத்தில் காவிரியில் நான் செய்த தப்பு இது. ஓட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். அதே பரிசலில் எனக்கு எதிரே உங்கள் அம்மா, மடியில் கைக்குழந்தையாக நம் பெரியவள். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு பரிசல் போகத்தான் இடம். மேலேயிருந்து ஆள் நிறைந்த பரிசல் ஒன்று வந்தது. மைசூரில் ஸ்கூட்டர் ஓட்டுகிற பழக்கத்தில், நான் முதலில் நுழைந்தால் அவன் நிறுத்துவான் என்று நுழைந்துவிட்டேன்.

"யோவ்! இறங்குற பரிசலுக்கு பிரேக்கா வச்சிருக்குது? ஏறுறவன்தான்யா ஒதுங்கோணும்!" என்று கத்தினான் அந்தப் பரிசல்காரன்.

பின்வாங்கி, இடுக்குக்கு வெளியே பாறையோடு ஒட்டிக்கொண்டேன். அவன் உரசிக்கொண்டு போனான். அப்புறமும் பாறையை விட்டு நகரவில்லை. அடுத்து எவன் வருவானோ என்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஊரிலேயே பிறந்த உங்கள் அம்மா குழந்தையை நீட்டினாள். "இவளைப் புடிங்க மாமா. துடுப்பை இங்க குடுங்க."

கொடுத்துவிட்டேன்.