அம்மன் என் தாயின் வாயைத் திறந்த நாள்

எனக்குச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை பஜனையில் நீங்கள் எல்லோரும் அவரவர் பட்ட கஷ்டத்தைச் சொல்லும்போது, நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போய்விடுவேன். அம்மனிடம் வரம் வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பது நன்றி கெட்டதனம். அதனால் இன்று சொல்லிவிடுகிறேன்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அம்மாபேட்டையில் எங்கள் வீட்டில் தறி ஓடியது. எனக்குப் பதினெட்டு வயது. என் வயதுப் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு தண்ணீருக்கு வருவார்கள். நான் இன்னும் பெரியவள் ஆகவே இல்லை.

இன்னும் ஆகவில்லையா என்று தெருவில் கேட்கத் தொடங்கியதுமே என் தாய் ஒரு காரியம் செய்திருந்தாள். நான் வயதுக்கு வந்துவிட்டதாகச் சொல்லிச் சீர் வைத்துவிட்டாள். இராசிபுரத்திலிருந்து தாய்மாமன் வந்து பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்டினார். "இன்னிக்கில்லாட்டி நாளைக்கு வந்துரும். வாயை மூடிக்கிட்டு உக்காரு" என்றாள் தாய். உட்கார்ந்தேன்.

அதோடு முடியவில்லை. பொய் வெளியே தெரியாமல் இருக்க, மாதம் தவறாமல் மூன்று நாள் கொல்லையில் ஒதுங்கி உட்கார வேண்டும். ஒன்றுமே இல்லாமல் உட்கார்ந்தேன். தள்ளி வைத்த சோற்றைத் தின்றேன். அம்மன் தேர் எங்கள் வாசலில் வந்து நின்றபோதும் நான் கொல்லையில்தான். சாமியையே ஏமாற்றுகிறோமே என்று உடம்பு கூசும். அந்த உடம்பே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

மாமன் மகனுக்கே என்னைப் பேசி, தை மாதம் கல்யாணம் என்று வைத்தார்கள். அவர் நல்ல மனுஷர். அவரையும் ஏமாற்றிக் கழுத்தை நீட்டி, பிறகு தெரிந்து துரத்திவிட்டால் எங்கே போவேன்? சோறு இறங்கவில்லை. செத்தால் தேவலை என்றுகூட நினைத்தேன். கொல்லையில் இருந்தபடியே வேண்டினேன். "ஆத்தா, எனக்குச் சொல்ல வாய் வரல. நீயே யார் வாயில இருந்தாச்சும் இதை வெளிய கொண்டாந்துரு." வேறொன்றும் கேட்கவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் குடத்தைத் தூக்கும்போது தொடை இடுக்கில் சுரீரென்று வலி எடுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அங்கே எனக்குச் சிறுவயது முதல் ஒரு சின்னக் கட்டி உண்டு. அன்று மாமன் வந்திருந்தார். தாய் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல், வண்டி பூட்டி டவுனில் இருந்த பெண்கள் ஆஸ்பத்திரிக்கு எங்களைக் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா மாமனைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார். திரையை இழுத்துவிட்டு, "தொட்டுப் பார்க்கட்டுமா? வேண்டாம்னா சொல்லும்மா, நிறுத்திடறேன்" என்றார். என் உடம்பைப் பற்றி அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மாசாமாசம் வருதா?" என்று கேட்டார்.

"வருதுங்க, ஒழுங்கா வருதுங்க" என்றாள் தாய்.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "உங்க கூடப் பொறந்தவங்க யாருக்காவது வராமலே இருந்துதா?"

தாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கக்காளுக்குங்க. அவளுக்கு வரவே இல்லீங்க. பொய்யா சீர் வெச்சுத்தான் கட்டிக் குடுத்தாங்க. மலடின்னு தொரத்திட்டாங்க. ஊட்டுக்கு வந்தவ கெணத்துல உழுந்துட்டாளுங்க. இவளுக்கும் வரலீங்க. வேற என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலீங்க."

அம்மன் யார் வாயைத் திறந்தாள் பாருங்கள்.

டாக்டரம்மா தாயிடம் பேசவில்லை, என்னிடம் பேசினார். "சில பெண்கள் கர்ப்பப்பை இல்லாமலே பொறக்கறாங்க. சில குடும்பத்துல தாய்வழியா வரும். பாவமும் இல்ல, சாபமும் இல்ல. பிள்ளை பெற முடியாது, அவ்வளவுதான். நீ பெண்தான். கட்டியை மதராஸ்ல காட்டணும். அதுவும் நீ சரின்னு சொன்னாத்தான்."

கதவுக்கு அப்பால் மாமன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவர் உள்ளே வந்ததும் நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். "எங்கக்காளை நாங்களே கொன்னுட்டமே" என்றார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "நீ அழுவாத சாமி. உம்மேல ஒரு தப்புமில்ல. கண்ணாலத்தை நிறுத்திக்கலாம். யார் கேட்டாலும் நா பதில் சொல்றேன்" என்றார்.

என் தாயோடு அவர் வெகுநாள் பேசவில்லை. தெருவும் சும்மா இருக்கவில்லை. ஆனால் நான் கொல்லையில் உட்காருவதை அன்றோடு விட்டேன். மதராஸ் போய்க் கட்டியையும் எடுத்துக்கொண்டேன். வெட்கம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். இதோ இப்போதுகூட உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பொய்யோடு இருந்த வெட்கம் வேறு, இது வேறு. இதோடு சோறு தின்ன முடிகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெண் இருந்தால், முதலில் அவளைக் கேளுங்கள். அவளுக்கு வாய் வராவிட்டால் அம்மனிடம் சொல்லுங்கள். ஆத்தா வழி விடுவாள். நான் கண்டது அது.

மாமன் மகன் வேறு பெண்ணைக் கட்டினார். அந்தக் கல்யாணத்தில் மணமக்கள் வாசலில் நின்றபோது மாமன் ஆரத்தித் தட்டை என் கையில் கொடுத்தார். "இவளா எடுக்கறது?" என்று யாரோ முனகினார்கள்.

"எந்தங்கச்சி மவ எடுக்காம வேற யாரு எடுக்கறது?" என்றார் மாமன்.

மணமக்கள் எதிரே போய் நின்றேன். எடுத்தேன்.