தோற்றவர்களைத் தேடிப் போன எஸ்தர்

இதை எழுதும்போதுகூடச் சிரிப்பு வருகிறது. ஐம்பத்து நான்கு வயதில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஊரே பார்க்க நான் சேற்றில் உட்கார்ந்தேன். விழவில்லை — உட்கார்ந்தேன். வித்தியாசம் இருக்கிறது. விவரமாகச் சொல்கிறேன்.

போன மாதம் எங்கள் காஞ்சிபுரத்தில் ஒரு மகளிர் சங்கம் விளையாட்டு விழா நடத்தியது. நான் சிறப்பு விருந்தினர். "பெரிய பெரிய ராஜாங்க எல்லாம் எப்படி நாடு நாடா ஜெயிச்சாங்க, எப்படி நல்ல தலைவரா இருந்தாங்கன்னு பேசுங்க மேடம். பொண்ணுங்களுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார் சங்கத்துச் செயலாளர்.

எனக்குப் பிடித்த சப்ஜெக்ட். விடுவேனா? ஏழு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். குதிரைப்படை, யானைப்படை, கோட்டை முற்றுகை... ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

மூன்றாவது பக்கத்திலேயே தெரிந்துவிட்டது — யாரும் என்னைப் பார்க்கவில்லை. மைதானத்தின் நடுவில் கிடந்த தடிமனான கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அடுத்து கயிறு இழுக்கும் போட்டி. அதுவும் ஃபைனல்.

ஒரு பக்கம் திருப்பருத்திக்குன்றம். மூன்று வருடமாக அவர்கள்தான் சாம்பியன். கேப்டன் பத்மாவதி, விவசாயமும் விதைக்கடையுமாக இருக்கும் சமணக் குடும்பத்துப் பெண்மணி. நெல் மூட்டையைத் தானே தூக்கி வண்டியில் ஏற்றுவார். மறுபக்கம் முசரவாக்கம். கேப்டன் எஸ்தர். கம்பெனிப் பெண்களை ஷிஃப்டுக்கு ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறார். அவர் அணி ஃபைனலுக்கு வந்ததே முதல் முறை.

இன்னொரு விஷயமும் உண்டு. எஸ்தரின் அம்மா, பத்மாவதி வீட்டுக் கழனியில் கூலிக்கு நாற்று நட்டவர். அந்த அம்மா அன்று முதல் வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கடைசி நேரத்தில் ஒரு சிக்கல். முசரவாக்கம் அணியில் கலைவாணிக்குக் கம்பெனியில் திடீரென்று ஷிஃப்டை மாற்றிவிட்டார்கள். வர முடியவில்லை. எட்டுப் பேர் இல்லையென்றால் போட்டியே கிடையாது. கோப்பை நேராகத் திருப்பருத்திக்குன்றத்துக்குப் போய்விடும்.

எஸ்தர் மேடையேறி வந்தார். நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன்.

"மேடம், நீங்க இன்னா வெயிட் இருப்பீங்க?"

திடுக்கிட்டதில் உண்மை வாயிலிருந்து வந்துவிட்டது. எழுபத்தெட்டு. மைக் ஆனில் இருந்தது.

"போதும் மேடம். வாங்க" என்றார் எஸ்தர்.

எதிரணி சம்மதித்தால் வெளியாளைச் சேர்க்கலாம் என்றார் நடுவர். எல்லோரும் பத்மாவதியைப் பார்த்தோம்.

"இழுக்கட்டும். பேச்சாவது நிக்குதே" என்றார் பத்மாவதி.

ஐந்து நிமிடத்தில் என் காலில் யாருடைய கேன்வாஸ் ஷூவோ இருந்தது. புடவையைத் தூக்கிச் செருகி, அதன் மேல் ஒரு துப்பட்டாவைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார் எஸ்தர். பிறகு வரிசையில் ஒவ்வொருவரிடமும் போய் நின்றார். "மேரி, முட்டி எப்படிமா இருக்குது?" "காலைல சாப்டியா இல்லியா நீ?" காலையிலேயே வந்து மைதானம் முழுக்க வெறுங்காலோடு நடந்து பார்த்தாராம். முந்தின நாள் மழை. எந்தப் பக்கம் வழுக்கும், எங்கே குதிகால் பதியும் என்று அவருக்கு அத்துப்படி.

அதனால் என்ன? முதல் இழுப்பில் தோற்றோம். விசில் சத்தம் என் காதில் விழுந்தபோது நான் கோட்டைத் தாண்டியிருந்தேன்.

யாரைத் திட்டப் போகிறாரோ என்று பயந்தேன். சந்தேகமென்ன, என்னைத்தான். ஆனால் எஸ்தர் எல்லோரையும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"என் தப்புபா. அவசரப்பட்டு இழுக்கச் சொல்லிட்டேன். இந்த வாட்டி யாரும் இழுக்காதீங்க. புடிச்சிக்கினு நில்லுங்க, அது போதும். அவங்களுக்கு மூச்சு வாங்கும்ல, அப்போ நான் சொல்றேன்."

இழுக்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? உள்ளங்கை எரிகிறது. இடுப்பு கெஞ்சுகிறது. எதிரே எட்டுப் பேர் பல்லைக் கடித்து இழுக்கிறார்கள். கடைசி ஆளாக நின்ற எஸ்தர் என் முதுகுக்குப் பின்னால் "இரு... இரு..." என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் "இப்போ" என்றதும் இழுத்தோம். மடமடவென்று வந்தார்கள்.

மூன்றாவது இழுப்புக்கு டாஸ். எஸ்தர் ஜெயித்துக் காய்ந்த பக்கத்தை எடுத்தார். இந்த முறை பத்மாவதியும் அவசரப்படவில்லை. கயிறு அசையாமல் நின்றது. எஸ்தரின் அம்மா நாற்காலியை விட்டு எழுந்து நிற்பதைப் பார்த்தேன். அப்புறம் ஒரு சாண்... இன்னொரு சாண்... "இப்போ."

எதிர்ப்பக்கம் மொத்தமாகப் பிடி விட்டது. அந்த வேகத்தில் பின்னால் போய், காய்ந்த பக்கத்தில் மிச்சமிருந்த ஒரே ஒரு சேற்றுக் குழியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தேன். மேரி என் மடியில். மேரியின் மடியில் இன்னொருவர். எட்டுப் பேரும் எழுந்திருக்க முடியாமல் சிரித்தோம். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை.

எஸ்தரின் அம்மா மெல்ல நடந்து வந்தார். மகளின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, தோல் உரிந்திருந்த இடத்தில் ஊதினார்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதைதான். ஆனால் நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

மாவட்டப் போட்டிக்குப் பத்துப் பேர் வேண்டும். கலைவாணி திரும்பிவிட்டதால் முசரவாக்கத்தில் எட்டுப் பேர். மிச்சம் இரண்டு இடம். ஒன்று எனக்குத்தான் என்று நானே முடிவு செய்து, ஷூகூட வாங்கிவிட்டேன். எஸ்தர் வேனை எடுத்துக்கொண்டு நேராகப் பத்மாவதியின் கடைக்குப் போனார். வேடிக்கை பார்க்க நானும் ஏறிக்கொண்டேன். வழி முழுக்க மேரி முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"நாம தோக்கடிச்சவங்களையே நாம கூட்டினு போறதா? ஊர்ல இன்னா சொல்லுவாங்க?"

"அவங்கள ஒரு சாண் நகத்த நமக்கு எவ்ளோ நேரம் ஆச்சு? அந்தக் கை நம்ம பக்கம் வேணுமா வேணாமா?" என்றார் எஸ்தர்.

கடையில் பத்மாவதி விதை எடை போடுவதை நிறுத்தவில்லை. எஸ்தர் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தலை நிமிராமலே கேட்டார்:

"உனக்குக் கீழ நான் ஆடணுமா எஸ்தர்?"

"கீழ இல்லக்கா. பின்னாடி. கடைசி ஆளு நீங்கதான். நான் முன்னாடி போய்டறேன்."

கயிறு இழுப்பதில் கடைசி இடம்தான் சிம்மாசனம். மொத்த அணியின் கனமும் அங்கேதான் நிற்கும். அது எஸ்தரின் இடம். அதைத்தான் தூக்கிக் கொடுத்தார். பத்மாவதி தராசிலிருந்து கையை எடுத்தார். "என் நாத்தனார் சாந்தியும் வருவா. அவ என்னைவிட பலசாலி" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழி தீர்க்க வாதாபியிலிருந்து படையோடு வந்து, எங்கள் காஞ்சியைப் பிடித்தான் ஒரு சாளுக்கிய அரசன். கைலாசநாதர் கோயிலின் செல்வத்தை அள்ளிக்கொண்டு போயிருக்கலாம். யார் கேட்பது? கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைக் கன்னடத்தில் தூணில் பொறித்தும் வைத்தான். இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். கொள்ளையடித்துப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களை ஊர் வேறு மாதிரி ஞாபகம் வைத்திருக்கிறது. மங்கோலியத் தலைவன் ஒருவன், தன் குதிரையை அம்பெய்து சாய்த்த எதிரியையே பிடித்துத் தன் தளபதியாக்கிக்கொண்டான். இரண்டும் என் பேச்சில் ஆறாவது பக்கத்தில் இருந்தன. நான் மேடையில் வாளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். ஜெயித்த மறுநாள் என்ன செய்தார்கள் என்பதில் அல்லவா இருக்கிறது தலைமை?

போன ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் போட்டி. அரையிறுதியில் பத்மாவதி கயிற்றைப் பிடித்து நின்ற நிலையைப் பார்க்க வேண்டுமே... எதிரணியே கைதட்டியது. முதலில் கைதட்டியது யார் தெரியுமா? மேரி, கயிற்றை விட்ட அடுத்த நொடி. ஃபைனலில் தோற்றோம். இரண்டாவது இடம். எஸ்தர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜெயித்த அணியின் கேப்டனிடம் நேராகப் போய் போன் நம்பர் வாங்கிக்கொண்டு வந்தார்.

நானா? தண்ணீர் பாட்டில் கொடுக்கும் வேலை. வெற்றி பெற்ற படையிலிருந்து கழற்றிவிடப்பட்டவர்களைப் பற்றி எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது — அதனால்தான் நானே எழுதிக்கொண்டேன்.