மிதவைக்குள் பெட்ரோல்

மலேசியாவில் லிங்கி ஊருக்குப் பக்கத்தில் உள்ள எஸ்டேட்டில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு உரம் தூவும் சின்ன விமானத்துக்கு நான்தான் மெக்கானிக். இன்று காலை விமானத் துறையிலிருந்து ஃபேக்ஸில் கட்டாய உத்தரவு வந்தது. இன்ஜினுக்குப் பெட்ரோல் விடும் கார்புரேட்டருக்குள் இருக்கும் மிதவையை மாற்றாமல் இனி விமானம் கிளம்பக் கூடாதாம்.

பைலட் குமரனுக்குக் கோபம்.

"மழைக்கு முன்னால உரம் போட்டாகணும் லா. நேத்துகூட நல்லாத்தானே பறந்துச்சு? சாயங்காலம் மாத்திக்கலாம்."

"கழட்டியாவது பார்த்துடலாம், கேப்டன்" என்றேன்.

மிதவை என்பது உள்ளே காற்று மட்டுமே இருக்க வேண்டிய சின்ன உலோக டப்பா; பெட்ரோலில் மிதந்து, அளவுக்கு மேல் பெட்ரோல் வராமல் அடைக்கும். கழற்றிக் காதருகே ஆட்டினேன். உள்ளே பெட்ரோல் குலுங்கியது. அவரிடம் நீட்டினேன். அவரும் ஆட்டிப் பார்த்தார்.

"இது மூழ்கிட்டா?"

"பெட்ரோல் வழிஞ்சு இன்ஜின் நின்னுடும்."

நேற்று பகல் முழுக்க மர உச்சியை உரசுகிற மாதிரி பறந்த மனிதர். அப்படியே இறக்கைக்குக் கீழே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

நான் புது மிதவையை மாட்டி முடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. குமரனின் மனைவி சாந்தி சோறு கொண்டுவந்தார். "ஏன் இன்னிக்குப் பறக்கல?"

"சின்ன ரிப்பேர் லா" என்றார் குமரன்.

"நல்லதாப் போச்சு. இன்னிக்காவது சேர்ந்து சாப்பிடலாம்" என்று சிரித்தார் சாந்தி. குமரன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

கிளம்பும்போது சாந்தி என்னிடம் தனியாகக் கேட்டார். "அண்ணே, பெரிய கோளாறு ஒன்னும் இல்லையே?"

"புதுசு மாத்தியாச்சும்மா" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?